மண்டுவின் கேள்விகள்

"அக்கா, இவர் தோள்ல ரெண்டு பக்கமும் சின்ன இறக்கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, சட்டையச் சரியாத் தைக்கலையா?"

மேசையைச் சுற்றி நின்ற கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. புகைப்பட அட்டையை விரல்நுனியால் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் குனிந்து, பெருமூச்சு விட்டாள்.

"தைக்கலையாம். கேட்டீங்களா? இத்தனை வருஷமா என் பக்கத்துலயே உக்காந்திருக்கா. அது தோள் இறக்கைடி மண்டு. வாத்தியக்காரங்களுக்கு வச்சுத் தைக்கறது. இவன் சண்டை போட்டவன் இல்ல. சண்டைக்குப் போறவங்களுக்கு முன்னாடி ஊதிக்கிட்டுப் போனவன்."

"ஊதறதுக்கு ஒண்ணையும் காணோமேக்கா. இடுப்புல குட்டியா ஒரு கத்திதான் தொங்குது. கைப்பிடி சிலுவை மாதிரி இருக்கு. இத வச்சுக் காய்கூட நறுக்க முடியாது."

"காய் நறுக்கறதுதான் உன் புத்திக்கு எட்டும். அது பேண்டு வாத்தியக்காரங்களோட அலங்காரக் கத்தி. எழுதிக்கங்க பொண்ணுங்களா. காலாட்படை, பேண்டு வாத்தியக்காரர்."

"காலரப் பாத்தா எனக்கே மூச்சு முட்டுதுக்கா. நெட்டா நிக்குது. முனை மட்டும் வளைச்சு வெட்டியிருக்கு."

"முனை வளைஞ்ச காலர்," என்றாள் அக்கா மாணவிகளைப் பார்த்து, சின்னவள் பேசியது காதிலேயே விழாதது போல. "அப்படின்னா நூற்றாண்டோட நடுப்பகுதி தாண்டிடுச்சு. காலர்தான் காலண்டர். ஞாபகம் வச்சுக்கங்க."

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது ஒருத்தி சின்னவளைப் பார்த்துப் பரிதாபமாகப் புன்னகைத்தாள்.

அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அவளால் பார்க்க முடியாது.

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பட்டாளத்தம்மா என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டூடியோவுக்குப் போய் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொண்ட சிப்பாய்கள், அவர்களுடைய அதிகாரிகள், குதிரைக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லாரையும் உடுப்பை வைத்தே அடையாளம் சொல்லுவாள். எந்தப் படை, என்ன பதவி, ஏறக்குறைய எந்தக் காலம். வீட்டுப் பரணில் கிடைத்த தாத்தாவின் தாத்தா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். தளபதி என்று நம்பி வந்தவர்களிடம், "இவர் பீரங்கி வண்டி ஓட்டினவர்" என்று சொல்லி அனுப்புவதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு.

பிறகு அவள் கண்ணின் நடுவில் ஒரு கறை விழுந்தது. ஓரம் தெரியும், நடு தெரியாது. நடக்கும்போது நாற்காலியில் இடித்துக்கொள்ள மாட்டாள். தேநீர்க் கோப்பையைச் சரியாக எடுப்பாள். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாளோ அது அழிந்துபோகும். மனிதர்களுக்குக் காதும் தலைமுடியும் இருந்தன, முகம் இல்லை. மருத்துவர், "போனது திரும்பாதும்மா" என்றார். வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு அக்கா முதலில் சொன்னது, "இது வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்பதுதான்.

வழியைக் கண்டுபிடித்ததும் அக்காதான். வீட்டில், சாப்பாட்டு மேசையில், பாத்திரங்களைத் தள்ளி வைத்துவிட்டு இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். சின்னவள் மேலிருந்து கீழாகச் சொல்ல வேண்டும். தொப்பி, காலர், தோள், மார்பு, கைமடிப்பு, இடுப்பு. உலோகத் தகட்டில் எடுத்த படமா, காகிதமா என்பதையும் எப்படியாவது நுழைத்துவிட வேண்டும். தகட்டில் இடம் வலமாகத் தெரியும், அதை மனதுக்குள் திருப்பிக்கொள்வது அக்காவின் வேலை. ஆனால் சொல்வது சொல்வதுபோல் இருக்கக் கூடாது. கேள்வியாக இருக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும் கேள்வி.

"நீ முட்டாளா நடி. நான் உன்னத் திட்டறேன். திட்டற சாக்குல பதில் சொல்லிடறேன். யாருக்கும் சந்தேகம் வராது," என்றாள் அக்கா.

"எனக்கு நடிக்கத் தெரியாதேக்கா."

"உனக்கு நடிப்பு எதுக்கு? சும்மா இருந்தாலே போதும்."

அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். கணவன் விட்டுவிட்டுப் போனபின் ஒரு பெட்டியுடன் அக்கா வீட்டுக்கு வந்த சின்னவளுக்கு, தான் ஒருத்திக்குத் தேவைப்படுகிறோம் என்பது அன்றுதான் முதல்முறையாகத் தெரிந்தது. அந்த உணர்வை அவள் பலநாள் பத்திரமாக வைத்திருந்தாள், கெட்டுப்போன பிறகும்.

எப்போது கெட்டது என்று அவளால் சொல்ல முடியாது. திட்டுவது முதலில் மேசையருகில் மட்டும் இருந்தது. பிறகு நடைக்கூடத்துக்கு வந்தது, பிறகு பேருந்துக்கு. ஒருநாள் வீட்டுச் சமையலறையில், வேறு யாருமே இல்லாதபோது, கொத்துமல்லியை எங்கே வைத்தாய் என்று கேட்பதற்குப் பதில் அக்கா, "மண்டு, எங்கடி தொலைச்ச?" என்றாள். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் நடிப்பு இல்லை. கொத்துமல்லி அக்காவுக்கு நேர் எதிரேயே இருந்தது. அதனால்தான் அவளுக்குத் தெரியவில்லை. சின்னவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, அக்கா கையால் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. நிம்மதி என்றுதான் அவள் அதை அழைத்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தில் எல்லாருமே அவளிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேசத் தொடங்கியிருந்தார்கள். காவலாளி தினமும் லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லித் தருவார். படங்களுக்குச் சட்டம் போட வருகிற மனிதர் ஒருவர் மட்டும் முதலில் அப்படி இல்லை. மனைவியை இழந்தவர், கையில் எப்போதும் மரத்தூள் ஒட்டியிருக்கும். ஒருமுறை, "இந்தப் படத்துக்குக் கறுப்புச் சட்டம் எடுபடுமா, பழுப்பு எடுபடுமா, நீங்க சொல்லுங்க" என்று அவளிடம் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் அக்கா குரல் வந்தது.

"அவகிட்டயா கேக்கறீங்க? கட்டின புருஷன் மூஞ்சியவே அவளுக்குச் சரியாப் பாக்கத் தெரியல. பாத்திருந்தா அவன் எப்படிப்பட்டவன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்காதா?"

அவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு அல்ல, அக்கா சொன்ன விதம் அப்படி. அடுத்த வாரம் வந்தபோது அவரும் சின்னவளிடம் மெதுவாகவும் சத்தமாகவும், "சாப்... டாச்... சா?" என்றார்.

அன்று மாலை வீட்டில் பயிற்சிக்காக வைத்திருந்த ஒரு படத்தை எடுத்து, சின்னவள் அதில் இல்லாத விவரங்களைச் சொன்னாள். மார்பில் குறுக்கே கயிற்றுப் பின்னல் இல்லை, இருப்பதாகச் சொன்னாள். தொப்பியில் குஞ்சம் இல்லை, இருப்பதாகச் சொன்னாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, குதிரைப்படை, இலகு ரகம், அதிகாரி என்று அடித்துச் சொன்னாள். படத்தில் இருந்தவன் சாதாரணக் காலாட்படைச் சிப்பாய், சற்றுப் பயந்த முகம். அவனை அதிகாரியாக்கிவிட்ட பெருமையில் அக்கா தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சின்னவள், "தப்பாச் சொல்லிட்டேன்க்கா, வேற படத்தப் பாத்துட்டேன்" என்று திருத்தினாள். திருத்துவதற்கு முன் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தச் சற்று நேரத்தில் அக்கா அவள் கைக்குள், கதகதப்பாக, ஒரு கோழிக்குஞ்சுபோல இருந்தாள்.

அப்போதுதான் சின்னவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அக்கா சொல்லுமுன்பே பதில் தனக்குத் தெரிகிறது. எந்தப் படத்தைப் பார்த்தாலும். கேள்வியைத் தேர்ந்தெடுப்பவளுக்குப் பதில் தெரியாமல் இருக்குமா? ஆனால் ஒரே ஒருமுறை, வாய்தவறி, "இது லாடக்காரர்க்கா" என்று வீட்டில் சொன்னபோது அக்கா கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, "நீ பாரு. சொல்றது நான்" என்றாள்.

அருங்காட்சியகத்துக்குப் புதிய இயக்குநர் வந்தபோது நிலைமை மாறியது. எங்கோ பெரிய அருங்காட்சியகத்தில் இருந்து வந்தவர், மரியாதையான ஆள், யாரையும் உட்காரவைத்துத்தான் பேசுவார். ஒரு பழைய குடும்பம் பெட்டி நிறையப் பட்டாளப் படங்களைக் கொடையாகக் கொடுத்திருந்தது. அவற்றை அடையாளம் கண்டு தனிக்கூடம் ஒன்று திறக்கப்போகிறார்கள். அந்த வேலையை அக்காவிடம் கொடுப்பதா, வெளியிலிருந்து வேறு நிபுணரை வரவழைப்பதா என்று இயக்குநர் முடிவு செய்ய வேண்டும். அதற்குமுன் நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

"இந்தப் பெட்டி மட்டும் கைக்கு வந்துட்டாப் போதும்டி," என்றாள் அக்கா. அவர் வரும் நாள் காலையில் அவளே சின்னவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், பாதி தட்டில் சிந்தியிருந்தது. "அந்தக் கூடம் திறக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாம ஓட்டிட்டா, அப்புறம் முழுசாப் போனாலும் போகட்டும். இது கிடைக்கலன்னா நான் வெறும் குருட்டுக் கிழவி. ஜன்னலோரமா உக்காந்து தெருச் சத்தம் கேக்க வேண்டியதுதான்."

"எனக்கு?"

"உனக்கென்ன?"

"சும்மா கேட்டேன்."

"இன்னிக்கு நல்லாக் கேளு. நீ கேக்கறதுலதான் எல்லாம் இருக்கு." அக்கா அவள் கையைத் தேடிப் பிடித்தாள். "எனக்கு உன்ன விட்டா யாருடி இருக்கா?"

அந்த வாக்கியம் சின்னவளுக்குப் பிடித்திருந்தது. பேருந்தில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அதில் அன்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது போலவும் இருந்தது. மூழ்குகிறவர் கட்டையைப் பிடிப்பதில் உள்ள அன்பு.

இயக்குநர் ஒரு மாணவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய புகைப்படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவளாம். மெலிந்த, துறுதுறுப்பான பெண், கையில் வெள்ளைக் கையுறை. கொடைப்பெட்டியிலிருந்து சில படங்களை எடுத்து வந்திருந்தார்கள். முதல் படத்தை இயக்குநரே அக்காவின் முன் வைத்தார்.

"ஐயோ, தகட்டுல எடுத்ததா இது? என் மூஞ்சியே தெரியுதே," என்றாள் சின்னவள்.

"உன் மூஞ்சியப் பாக்கவா சார் வந்திருக்காரு? தள்ளுடி."

"வாள் வலது பக்கம் தொங்குது. இடது கைக்காரரோ?"

"தகட்டுல எல்லாமே கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பித்தான் விழும், மண்டு. எத்தனை தடவ சொல்றது?" அக்காவின் குரல் மேடைக்கு ஏறிவிட்டது. "வாள் இடது பக்கம்தான் இருக்கு சார். அந்தக் காலத்துல சில பேர் படம் நேரா விழணும்னு வாளையே பக்கம் மாத்திக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. இவன் அந்தக் கவலை இல்லாதவன்."

இயக்குநர் மகிழ்ந்து தலையாட்டினார். அடுத்த படம், அடுத்த படம். அன்று அவர்களுக்கு எல்லாமே கூடி வந்தது. சின்னவள் கேட்க, அக்கா தட்டிப் பறிக்க, நெடுநாள் சேர்ந்து வாசிக்கிற இரண்டு வாத்தியங்கள் மாதிரி. சின்னவளுக்கே அதில் ஒரு கிறக்கம் ஏற்பட்டது. இவ்வளவு நன்றாக யாரோடும் அவள் எதையும் செய்ததில்லை.

"இவரோட கைமடிப்பு மட்டும் ஏன்க்கா வெள்ளை வெளேர்னு இருக்கு? சட்டை கறுப்பா இருக்கே. கை மட்டும் தோய்ச்சாரா?"

"கை மட்டும் தோய்ச்சாராம்! சார், இதக் கேளுங்க." அக்கா சிரித்தாள். "அது வெள்ளை இல்ல, வெளிர் நீலம். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம் வெளுப்பாத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பா விழும். அதனால அந்தச் சட்டை கறுப்பும் இல்ல. சிவப்பு. படத்துல இருக்கறத அப்படியே நம்பறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்."

"பிரமாதம்," என்றார் இயக்குநர்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பதில் சொல்லியாகிவிட்டது, இனித் திட்டுவதற்குத் தேவையே இல்லை. ஆனால் அக்காவுக்கு அந்தப் 'பிரமாதம்' தலைக்கு ஏறிவிட்டது.

"இவளுக்கு இதெல்லாம் என்ன சொன்னாலும் ஏறாது சார். பாக்கவே தெரியாது இவளுக்கு. பெத்த குழந்தை மடியிலயே ஜுரத்துல போயிட்டுக் கிடக்கு, இவ தூங்குதுன்னு நினைச்சு ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அப்படிப்பட்ட கண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. கையுறை போட்ட பெண் மேசையைப் பார்த்தாள்.

சின்னவள் அதை அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தை இறந்துவிட்டது என்பதுதான். ஆட்டிக்கொண்டிருந்ததை, பாட்டுக்கூடப் பாடியதை, வந்த புதிதில் ஒருநாள் அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். அக்கா அப்போது அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை இப்போது அட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

கோபம் வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். வரவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று சமதரையானது. காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் உடம்பு இருக்குமே, அந்த மாதிரி லேசாக இருந்தது.

இயக்குநர் சின்னவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், எனக்குச் சந்தேகமே இல்ல. இந்தப் பெட்டி உங்களுக்குத்தான். கூடமும் உங்க பேர்லதான் திறக்கப்போறோம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. எங்கோ அவருடைய காதைப் பார்த்து அது மலர்ந்தது.

"ஆனா இவ்வளவு பெரிய வேலைக்கு உங்களுக்கு நல்ல உதவியாளர் வேணும். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒவ்வொரு படத்துக்கும் நீங்க அரிச்சுவடியிலேர்ந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு. உங்களுக்கு எவ்வளவு சிரமம்! இந்தப் பொண்ணு இந்தத் துறையிலயே படிச்சவ. இன்னிலேர்ந்து உங்ககூட உக்காரட்டும். உங்க தங்கச்சி பாவம், வீட்டுல ஓய்வா இருக்கட்டும். அவங்களுக்கும் இது கஷ்டம்தானே?"

அக்கா அட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"வேண்டாம் சார். எனக்கு இவளே போதும்."

"உங்க பெருந்தன்மை புரியுது மேடம்."

"பெருந்தன்மை இல்ல சார். இவ... அப்படி ஒண்ணும் மண்டு இல்ல. நான் சும்மா விளையாட்டுக்குச் சொல்றது. எங்களுக்குள்ள அப்படித்தான். இவளுக்கு நல்லாவே பாக்கத் தெரியும். சொல்லப்போனா இவ கண்ணு மாதிரி..." அக்கா நிறுத்திக்கொண்டாள். "பழகினவ சார். எனக்குப் புது ஆள் ஒத்துவராது."

சின்னவள் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் அக்கா அவளைப் பாராட்டுவது இதுதான் முதல்தடவை. பாராட்டு இப்படித்தான் இருக்குமா? வியர்த்துக்கொண்டு, நாக்கு உலர்ந்துபோய்?

இயக்குநர் நியாயமான மனிதர். "அப்படியா?" என்றார். பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துச் சின்னவள் முன் வைத்து, குனிந்து, மெதுவாகவும் சத்தமாகவும் கேட்டார். "அம்மா, பயப்படாம சொல்லுங்க. இது யாரு? உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க. கொஞ்சம் தெரிஞ்சாக்கூடப் போதும், நீங்களே இருங்க."

அவள் பார்த்தாள். மேல்கையில், பதவிப் பட்டிகளுக்கு மேலே லாடம் ஒன்று தைத்திருந்தது. குதிரைப்படையின் லாடக்காரர், சார்ஜென்ட் நிலை. இடுப்பு வாரை அவசரத்தில் முறுக்கிக் கட்டியிருந்தார். மார்பில் அகலமாகக் கறுப்பாக விழுந்திருந்த பட்டை உண்மையில் மஞ்சள். வலதுகைக் கட்டைவிரல் நசுங்கி ஆறியிருந்தது, சுத்தியல் பட்டிருக்கும். ஸ்டூடியோக்காரன் அந்தக் கையை மறைத்து வைக்கச் சொல்லியிருப்பான், இவர் கேட்கவில்லை. எல்லாம் ஒரே மூச்சில் தெரிந்தது. சொன்னால் இயக்குநர் அசந்துபோவார். சொன்னால் அவள் இந்த நாற்காலியிலேயே இருக்கலாம், அக்காவின் பக்கத்தில். கடைசிவரை.

மேசைக்கடியில் அக்காவின் கால் அவள் காலைத் தேடி வந்து அழுத்தியது.

"சொல்லுடி," என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கெஞ்சலாக. "கையப் பாரு. கைல என்ன தச்சிருக்குன்னு பாரு."

"பாத்தீங்களா, எடுத்துக் குடுக்கறாங்க," என்றார் இயக்குநர் மாணவியிடம், நெகிழ்ந்துபோய்.

"சொல்லும்மா," என்றாள் அக்கா. அம்மா என்று.

சின்னவள் அட்டையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"மீசை நல்லா இருக்குங்க," என்றாள்.

மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இயக்குநர் பொறுமையாக, "சரி. வேற?" என்றார்.

"யாரோ பட்டாளத்துக்காரரா இருக்கலாமுங்க."

அதற்கு மேல் அவரும் சிரித்துவிட்டார். மாணவியும் சிரித்தாள். திட்டு வருவதற்கான இடம் அதுதான். அக்கா ஒருபோதும் அந்த இடத்தைத் தவறவிட்டதில்லை. அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. கால் மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. சின்னவள் தன் காலை எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா," என்றார் இயக்குநர். "நீங்க போய் ஓய்வெடுங்க."

"சரிங்க. எனக்கும் அக்காவுக்கு உபத்திரவம் குடுக்கறோமேன்னுதான் இருந்தது."

எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். மாணவி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா தலையைத் திருப்பிக் கண்ணின் ஓரத்தால் அவளைத் தேடினாள்.

"எங்க போற? இருடி. என்னக் கூட்டிக்கிட்டுப் போக வேண்டாமா?"

"நீ வேலையப் பாருக்கா. நான் வெளிய பெஞ்சுல இருக்கேன்."

"சார், இன்னிக்கு இது போதுமே. தலைவலியா இருக்கு."

"இது ஒண்ணு மட்டும் மேடம். அந்த மீசைக்காரர மட்டும் சொல்லிடுங்க. பொண்ணு உங்க முறையக் கத்துக்கட்டும்."

மாணவி அதற்குள் அட்டையைக் கையில் எடுத்திருந்தாள். அவள் படித்த முறை வேறு. அட்டையில் ஒட்டிய அந்தக் காலத்துப் படங்களின் பின்புறத்தில் ஸ்டூடியோக்காரர்கள் தங்கள் பெயரைக் கொடிகளும் கேடயங்களும் பதக்கங்களுமாகப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். முதலில் அதைத்தான் படிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தாள், பெயரைக் குறித்துக்கொண்டாள், பின்புறம் மேலே இருக்க அப்படியே அக்காவின் முன் வைத்தாள்.

"இதப் பாத்தீங்களா மேடம்?" என்றாள் ஆவலாக.

சின்னவள் கதவருகில் நின்றுவிட்டாள்.

அக்கா அட்டையை விரல்நுனியால் தன் பக்கம் இழுத்தாள். குனிந்தாள். சின்னவளுக்கு அவள் மனதில் ஓடுவது எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலத் தெரிந்தது. ஓரப் பார்வையில் சாம்பலாக ஏதோ இருக்கிறது, நடுவில் அடர்த்தியாக ஏதோ நிற்கிறது. பெரும்பாலான படங்களில் இருப்பவன் காலாட்படைச் சிப்பாய்தான். பெரும்பாலான காலாட்படைச் சிப்பாய்களுக்கு ஒற்றை வரிசைப் பட்டன். அக்கா அதைத்தான் சொல்லப்போகிறாள். துணிச்சல்காரி.

ஒரு கேள்வி போதும். 'பின்னாடி என்னக்கா அழகாப் பூப்போட்டிருக்கு?' என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய் நின்றால் போதும். எல்லாரும் சிரிப்பார்கள், அக்கா அட்டையைத் திருப்பிவிடுவாள். கேள்வி அவள் வாய்க்குள் தயாராகவே இருந்தது. இத்தனை காலப் பழக்கம், தானாகவே வந்து நின்றது. நாக்கில் அதன் எடையை உணர்ந்தாள். விழுங்கினாள்.

"நல்ல படம்," என்றாள் அக்கா. முதல் சொல்லில் மட்டும் குரல் சற்றுப் பிசிறியது, பிறகு மேடைக்குரல் வந்துவிட்டது. "காலர்லேர்ந்து ஆரம்பிக்கணும் பொண்ணே. காலர்தான் எல்லாம் சொல்லும். இது நெட்டா நிக்கற காலர். கீழ வா. பட்டன் ஒரே வரிசை. பாரு, மேலேர்ந்து கீழ வரைக்கும் எப்படிப் பளபளன்னு இருக்கு."

மாணவி அட்டையைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். வேடிக்கை செய்கிறாரோ என்று ஒரு சிரிப்பு அவள் உதட்டில் தொடங்கி, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசையும் நல்ல மீசைதான்," என்றாள் அக்கா. "என் தங்கச்சி தப்பாச் சொல்லல."

யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அக்கா மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி, வெறும் எழுத்துகளின்மேல் விரலை வைத்து, அந்த ஆளின் தோள்களை விவரிக்கத் தொடங்கினாள். சின்னவள் வெளியே வந்து கதவை மூடினாள். முழுவதும் மூடவில்லை, குரல் கேட்கும் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.